ஏந்திய கைகள்

கார்புரேட்டரின் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது.

பிரபாகரன் குனிந்து பார்த்தான். பெட்ரோல்தான். ஆனால் வண்டியின் டேங்க் இன்னும் மாட்டப்படவில்லை; சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. கார்புரேட்டரைக் காலையிலேயே கழற்றி, வடித்து, துணியால் துடைத்து, காயட்டும் என்று வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போயிருந்தான். காய்ந்த உலோகத்திலிருந்து ஒழுக என்ன இருக்கிறது?

தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு வேறொன்றை விரித்தான். திருத்தங்கல் சாலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று ஆட்களை அடைத்துக்கொண்டு போனது. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அய்யம்மாளும் அவள் மகள் ஓவியாவும் வண்டியை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பழைய புல்லட். தீபாவளி சீசனில் தீப்பிடித்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, போன வாரம்தான் அவன் பட்டறைக்கு வந்தது. ஓட்டிப் போன தங்கச்சாமி, அய்யம்மாளின் புருஷன், திரும்பி வரவில்லை. பிரபாகரன் எரிந்த சீட்டை மாற்றினான், வயரை மாற்றினான், கொப்புளம் விட்டிருந்த பெயின்ட்டைச் சுரண்டினான். கார்புரேட்டரை மட்டும் கடைசிவரை தொடாமல் தள்ளிக்கொண்டே வந்தான்.

வண்டியை இறக்கிய அன்று ஓவியா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "லைசென்ஸ் எடுத்துட்டேண்ணே. சாயங்காலம் கம்பெனி வாசலுக்கே போயி அம்மாவைக் கூட்டியாரப் போறேன். ஊர்ப் பயலுக வாயைப் பொளக்கணும்."

"ஆமா, ஒங்கப்பன் மாதிரியே ஓட்டு. பீடியையும் பத்த வச்சுக்க" என்றாள் அய்யம்மாள். பிறகு பிரபாகரனிடம் குரலைத் தணித்தாள். "பீடியை விட்டுட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ண மனுசன் தம்பி. மேலெல்லாம் வெடிமருந்தை வச்சுக்கிட்டு எவனாச்சும் பத்த வைப்பானா? ஊரே காறித் துப்புது. சாமியை ஏமாத்துன ஆளுக்கு நான் இன்னும் படத்துல ஒரு பூ வைக்கல."

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது சுத்தமாகவே இருந்தது. மறுபடியும் துடைத்தான்.

அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி எரிந்த அந்தச் சாயங்காலம் தங்கச்சாமி கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். மருந்து கலக்குகிறவர்கள் உடம்பைக் கழுவி உடுப்பை மாற்றாமல் வாசலைத் தாண்டுவதில்லை. அன்றைக்குக் கம்பெனித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தலைமுடி, இமை, காது மடல், வேட்டி என்று எல்லாமே அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மினுங்கின.

"கார்புரேட்டர்ல பெட்ரோலு ஒழுகுது தம்பி. மிதவை ஒசந்து நிக்கி போல. கழட்டி ஒரு பார்வை பாரு. அப்படியே ஒரு வாளித் தண்ணி குடுத்தேன்னா மேலைக் கழுவிக்கிருவேன்."

சொல்லிவிட்டு, அங்கேயே ஊற்றட்டும் என்பதுபோல இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து அச்சாபீஸ் முதலாளி மகன் மணிகண்டராஜ் தன் புது வண்டியோடு நின்றிருந்தான். "என்னண்ணே, வெள்ளிச் செலையா வந்து நிக்கீக? சிகரெட்டு ஒண்ணு பத்த வச்சுத் தரவா?" என்று சிரித்தான்.

"அட போங்க மொதலாளி. பீடியை விட்டே வருசமாச்சு."

பிரபாகரனும் சேர்ந்து சிரித்தான். பெரிய இடத்துப் பையன் முன்னால் வாசல் அழுக்காகக் கூடாது என்று தோன்றியது. "இங்கன கழுவாதீகண்ணே, தரையெல்லாம் வெள்ளியாப் போகும்" என்றான். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றவும் இல்லை. சிக்கிய மிதவையை அசைத்துவிட அவசரத்துக்குச் செய்கிற காரியத்தைச் செய்தான்: ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அடிக்கிண்ணத்தில் மூன்று தட்டு. டொக். டொக். டொக். ஒழுகல் நின்றதுபோல இருந்தது.

"சரியாயிருச்சு. போங்கண்ணே."

நீட்டிய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு அவர் போனார். ஏழாயிரம்பண்ணை சாலையில் வண்டி நின்றிருக்கிறது. திரும்ப உதைத்திருக்கிறார். ஒரே உதை; ஒழுகிய பெட்ரோலில் பொறி பட்டிருக்கிறது.

இப்போது பிரபாகரன் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கிண்ணத்தைக் கழற்றினான். மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கிற பந்து போன்றதுதான் இந்த மிதவையும். பெட்ரோல் அளவோடு ஏறியதும் மேலே எழும்பி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தான். அவர் சொன்னதுபோலவே உயரம் தப்பாக இருந்தது. மிதவையின் கையில் சின்னப் பித்தளை நாக்கு ஒன்று உண்டு. அதைத் துளி வளைத்தால் போதும். அன்றைக்கும் இவ்வளவுதான் வேலை. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வளைத்தான். அளந்தான். சரி. வண்டியில் பூட்டி, டேங்க்கை ஏற்றி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான். ஒழுகவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தான். பெட்ரோல் புழங்குகிற இடம் என்பதால் அங்கே எண்ணெய் விளக்கு கிடையாது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

டப்.

தாளில் ஒரு கறுத்த வட்டம் விரிந்தது.

மறுபடியும் கழற்றினான். பித்தளை நாக்கு பழைய இடத்துக்கே திரும்பி நின்றது. மிதவையின் மேல் விரல்ரேகை ஒன்று பதிந்திருந்தது. துடைத்த துணியில் வெள்ளி ஒட்டியது. பழைய பொடியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி வளைத்தான், அளந்தான், பூட்டினான். இந்த முறை பெட்ரோல் குழாயை மூடினான். டேங்க்கை இறக்கி வடித்தான். டியூபையும் பிடுங்கினான்.

டப்.

டப்.

எங்கிருந்தும் எதுவும் வராத கிண்ணம் நிறைந்து ஒழுகியது.

கரண்ட் போனது. முருகனின் சிவப்பு பல்பு அணைந்தது. வாசல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் ஹேண்டில்பாரும் முகப்பு விளக்கும் மட்டும் தெரிந்தன. கையைக் கழுவலாம் என்று டிரம்மிடம் போனான். தண்ணீரின் மேல் பாலாடை போல வெள்ளி படர்ந்திருந்தது. அதன் நடுவே குவளை மெல்லச் சுழன்றது, இப்போதுதான் யாரோ மொண்டுவிட்டுப் போட்டதுபோல.

பின்னால் சத்தம்.

டொக். டொக். டொக்.

அடிக்கிண்ணத்தின் உள்ளேயிருந்து.

அவனுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. அதைவிட, தரைக்குள் புதைந்துவிட வேண்டும்போல் இருந்தது.

"கரண்ட் இல்லையா தம்பி?"

வாசலில் அய்யம்மாள். பக்கத்தில் ஓவியா, கையில் எலுமிச்சம்பழமும் தட்டும். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள் அய்யம்மாள். அவள் கவனிக்காமலே சேலை முந்தானையில் அங்கங்கே வெள்ளி மினுங்கியது.

"இன்னிக்கு எடுக்காதீகக்கா" என்றான். "இன்னும் வேலை கெடக்கு. நாளைக்கு..."

"எடுக்காட்டிப் போகுது. நல்ல நாளுன்னு வந்துட்டோம். ஒரு சூடத்தைக் காட்டிட்டாவது போறேன்."

"நாளைக்கு எடுத்துக் காத்தாப் பறந்துருவோம், இருக்கட்டும்மா" என்று சிரித்தபடியே ஓவியா முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

ஏத்தாதீக. பெட்ரோல் ஒழுகுது. மூன்று சொல். சொன்னால் அவள் கேட்பாள், ஏன் ஒழுகுது என்று. அன்னைக்கும் ஒழுகுச்சா என்று. பிறகு அவர் பீடி பத்த வைக்கவில்லை என்பது தெரியும். படத்தில் பூ ஏறும். ஊர் காறித் துப்புகிற முகம் இனி அவனுடையதாக இருக்கும்.

ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான்.

அய்யம்மாள் தட்டில் சூடத்தை வைத்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள்.

டப் சத்தம் கேட்கவில்லை. நின்றுவிட்டதா? அப்பாடா என்று ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்தே ஒரு கூச்சம்.

தீக்குச்சி உரசியது.

சூடத்தின் வெளிச்சம் வண்டியின் மேல் ஏறியது. புது சீட். டேங்க் இல்லாத முதுகெலும்பு. அதற்கடியில் எஞ்சினோரம் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடி வெள்ளி. இமை வெள்ளி. காது மடல் வெள்ளி. அந்தப் பெண்கள் இருவருக்கும் அவர் தெரியவில்லை. அய்யம்மாள் கண்ணை மூடி, உதடு துடிக்க, தட்டைச் சுற்றினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் கார்புரேட்டருக்குக் கீழே ஏந்தியிருந்தார். ஒரு சொட்டுகூடத் தரையில் விழாமல். மனைவியின் தட்டுப் பக்கம் ஒன்றும் தெறித்துவிடாமல்.

பிரபாகரனைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். சொல்லிரு தம்பி, அவ்வளவுதான். தண்ணீர் கேட்ட அதே முகம்.

நாக்கு அசையவில்லை.

தட்டு இன்னொரு முறை சுற்றி வந்தது. சுடர் தாழ்ந்தது, நிமிர்ந்தது.

ஏந்திய கைகள் நிறைந்திருந்தன. விளிம்புவரை. விளிம்புக்கும் மேலே வளைந்து, நடுங்கி.

சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு துளி திரண்டது.