தையல் பிரிந்த கூடாரம்

அந்தப் பையைப் பார்த்திருந்தால் யானைகூட மருத்துவ விடுப்பு கேட்டிருக்கும். அதை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் தனியாகக் காட்டுக்குக் கிளம்பினாள். கைபேசி இல்லாத காலம்... காட்டுக்குள் போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டினால்தான், உயிரோடு இருப்பதே வீட்டுக்குத் தெரியும்.

வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். பாதி தையலால் வந்தது, பாதி நாக்கால் வந்தது. அண்ணனுடைய கூடாரப் பட்டறையில் அவள் மிதித்த மிதிக்கு, அந்தத் தையல் மெஷினுக்கு வண்டிச் சக்கரம் மட்டும் வைத்திருந்தால் பூமியை நாலு சுற்று சுற்றியிருக்கலாம். ஆனால் துணி வெட்டும் கத்திரி அண்ணனுக்கு மட்டும். முன்னால் சின்னதாகத் தாழ்வாரம் வைத்து, அவளாகவே ஒரு கூடாரம் வரைந்து காட்டியபோது அண்ணன் சிரித்தான்.

"கூடாரத்துல ஒரு ராத்திரி படுத்திருக்கியா நீ? டிசைன் போட வந்துட்டா."

"படுத்துட்டு வந்தா?"

"யார் துணையும் இல்லாம, காட்டுல, தனியா ஒரு ராத்திரி இருந்துட்டு வா. கத்திரியை உன் கையில குடுத்துடறேன்."

அந்தக் கத்திரிக்காகத்தான் இந்த யானைப் பை. வரைந்த கூடாரத்தைக் காய் நறுக்கும் கத்தியாலேயே வெட்டி, தானே தைத்து அதில் திணித்திருந்தாள்.

நடந்து நடந்து கால் இரண்டும் கழன்று விழும் நேரத்தில் ஓடைக்கரை வந்தது. மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு சமதரை. அதில் ஏற்கெனவே ஒரு கூடாரம். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன இரண்டு பாதங்கள்.

"சார்... இங்க நான் தங்கணும்."

பாதங்கள் உள்ளே போயின. தலை வெளியே வந்தது. கலைந்த முடி... அதன் கீழே இரண்டு கண்கள். மழைக்கு முன்னால் வானம் ஒரு நிமிடம் மட்டும் பளிச்சென்று தெளியுமே... அப்படி. சொல்ல வந்ததில் பாதி அவளுக்கு மறந்துபோனது.

"தாராளமா தங்குங்க. காடு பெருசு."

"தனியா தங்கணும்."

"நானும் தனியாத்தான் வந்திருக்கேன்."

"ரெண்டு பேர் இருந்தா அது எப்படிங்க தனியா?"

"நீங்க அந்த ஓரமா தனியா இருங்க. நான் இந்த ஓரமா தனியா இருக்கேன்." அவன் கொட்டாவியை அடக்கினான். "நான் பல் டாக்டர். வருஷம் பூரா எல்லாரையும் வாயத் திறங்க, வாயத் திறங்கன்னு சொல்றவன். யாருமே வாயத் திறக்காத இடமா தேடி வந்தேங்க..."

ஊசி வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் வரலாற்றில் அதுவே முதல் முறை.

இருட்டியதும் வந்தது மழை. மழையா அது... கடலைத் தூக்கிக் கவிழ்த்தது போல. இன்றைக்கும் பரணில் இருக்கும் தன் கூடாரத் துணியை முகர்ந்தால் அந்த மழையின் வாசனை அடிக்கிறது என்று அவள் சத்தியம் செய்வாள்.

எதிர் ஓரத்திலிருந்து அலறல். "இதைத் தைச்சவன் மட்டும் கையில கிடைச்சான்... மரத்துப்போற ஊசி போடாமலே எல்லாப் பல்லையும் புடுங்கிடுவேன்."

டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தாள். மூலையில் ஒரு தையல் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அந்த மடிப்பு... அவள் கை மடிப்பு. அவசர ஆர்டரில், இரட்டைத் தையல் போட வேண்டிய இடத்தில் ஒற்றையாக ஓட்டியது.

கூப்பிட்டால் கத்திரி போச்சு. கூப்பிடாவிட்டால்... அந்தக் கண்கள் நனைகின்றனவே.

"என் கூடாரத்துக்கு முன்னால தாழ்வாரம் இருக்கு. வந்து உக்காருங்க."

"உங்க தனிமை?"

"அது நனைஞ்சுபோச்சு. வாங்க."

இடையில் ஒரு துணித்திரை. உள்ளே அவள், வெளியே அவன். முதல் பல்லைப் பிடுங்கிய அன்று நோயாளிக்குப் பதில் தானே அழுததைச் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிய பறவையெல்லாம் எழுந்துகொண்டது.

விடிந்ததும், பையிலிருந்து ஊசியை எடுத்து அவனுடைய கூடாரத்தைத் தைத்தாள். தலை நிமிரவில்லை. "தைச்சவன் இல்ல, தைச்சவ. கையில கிடைச்சுட்டா. புடுங்குங்க."

அவன் பக்கத்தில் வந்து குந்தினான். பிறகு, "வாயத் திறங்க... ம்ம். இவ்வளவு நல்ல பல்லு. புடுங்க மனசு வரலியே."

பஸ் நிறுத்தத்தில் பிரிந்தார்கள். விலாசம் கேட்க அவனுக்குக் கூச்சம், கேட்காமல் சொல்ல அவளுக்குக் கௌரவம். அண்ணனிடம் பொய் சொல்லியிருக்கலாம்... மரமா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

"தனியா இல்லண்ணா. ஒருத்தர் இருந்தார்."

அண்ணன் கழற்றிய கத்திரி சுவர் ஆணிக்கே திரும்பிப் போனது.

ஆனால் அவன் கூடாரத்தின் உள்மடிப்பில் பட்டறை விலாசம் தைத்திருந்ததே. அடுத்த மாதமே பல் டாக்டர் மூட்டையோடு வந்து நின்றான். தையல் பிரிந்துவிட்டதாம். அழுத்தித் தைத்துக் கொடுத்தாள். மறுமாதம் வேறு பக்கம். அதற்கடுத்த மாதம் இன்னொரு மூலை.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசி, உன் தையல் ஒரு மாசம் தாங்கல. இந்த லட்சணத்துல கத்திரி வேற. இனிமே பட்டன் மட்டும் தை, போதும்."

அவள் முகம் சுண்டியது. அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு நூலும் ஒரே அளவில், துணியில் கீறல் படாமல்... இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க, பல் பிடுங்கிப் பழகிய ஒரு கைக்குத்தான் வரும்.

"சார், இது பிரிஞ்சது இல்ல. பிரிச்சது."

பட்டறையில் எல்லா மெஷினும் நின்றது. பல் டாக்டரின் காது செம்பருத்தியாய்ச் சிவந்தது. அவன் பேசாமல் இருந்தால் அவள் பெயர் கெடும். பேசினால் அவன் மானம் போகும்.

"நான்தாங்க பிரிச்சேன்." அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னான். குரல் மட்டும் அவளிடம் போனது. "உங்க தங்கச்சி தையல் தானா பிரியவே மாட்டேங்குது. பிரிய மனசில்லாமத்தான்... பிரிச்சேன்."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"இன்னொண்ணு. அன்னைக்கு ராத்திரி பூரா நான் அவங்க தாழ்வாரத்துலதான் இருந்தேன். ஒரு சொட்டு ஒழுகல."

அண்ணன் அவனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். ஆணியிலிருந்து கத்திரியைக் கழற்றி அவள் மேசையில் வைத்தான்.

"அடுத்ததை நீயே வெட்டு. அளவு கொஞ்சம் அகலமா எடு, ரெண்டு பேர் படுக்கற மாதிரி."

"தாழ்வாரம் வைப்பீங்கதானே?" பல் டாக்டர் கவலையோடு கேட்டான்.

"வைப்பேன்." ஊசி கத்திரியை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா உங்களுக்கு அங்க இடம் கிடையாது... நீங்க உள்ள வாங்க."