பதினெட்டு மீன்களும் ஒரு கௌராமியும்

ஐஸ்கிரீம் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைத் திறக்காமலே அந்தப் பெண் சொன்னாள்: "இதுல பதினெட்டு மீன் இருக்கு சார். ஒருத்தி விஷம் வெச்சுட்டா. யாருன்னு எனக்குத் தெரியும். நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோ ஸ்டூடியோவில் ஆள் வரத்துக் குறைந்ததிலிருந்து அவருக்கு அக்கா வீடே கதி. அக்காவின் கணவரை ஊரில் சர்வேயர் என்பார்கள். எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் முப்பது வருடம் பார்த்துப் பார்த்து, எது விபத்து, எது கைவேலை என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொன்ன மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். செத்த மீனோடு வந்தவள் இவள்தான் முதல்.

சர்வேயர் மூடியைத் திறந்தார். ஈரத் துணியில் வரிசையாகப் படுத்திருந்தன. பன்னிரண்டு டெட்ரா, ஆறு பார்ப். எல்லாமே வாயைத் திறந்தபடி.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா."

அவள் பேக்கரியில் வேலை செய்கிறாள். இரவு எட்டுக்குப் போனால் காலை ஆறுக்குத்தான் வீடு. கணவர் நாற்காலி, மேஜை செய்யும் தச்சர். ஒரே மகள், பதினொரு வயது, நுரையீரல் சரியில்லாதவள். படுக்கையில் இருந்தபடியே மீன்தொட்டி வேண்டுமென்று கேட்டாள். தகப்பனார் தாங்கி செய்து, தொட்டியை வைத்து, மணலும் செடியும் போட்டார். நான்கு வாரம் மீனில்லாமல் தண்ணீர் ஓட வேண்டும், அப்போதுதான் கழிவைத் தின்னும் நுண்ணுயிர் வளரும் என்று மகள் படித்துச் சொன்னாள். மூன்றாவது வாரத்தில் அவள் போய்விட்டாள்.

"என்னென்ன மீன், எந்த வரிசையில விடணும்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தா. அதே மாதிரி வாங்கி விட்டேன். கடைசி ஆறு பார்ப். அதையும் நேத்து சாயங்காலம் விட்டுட்டேன். காலைல வந்து பார்த்தா எல்லாம் மிதக்குது. கௌராமி ஒண்ணுதான் மிச்சம்."

"யாரைச் சந்தேகப்படற?"

"என் நாத்தனாரை. நேத்து ராத்திரி தங்கினா. 'இந்தத் தொட்டியை எடுத்துடு அண்ணி, அண்ணன் தேஞ்சு போறான்'னா. நான் வர்றதுக்குள்ள முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டா. போன்ல கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுட்டேன். இனிமே என் வாசல்ல கால் வைக்காதேன்னுட்டேன்."

"கேமராவை எடுத்துக்கட்டுமா அத்தான்?" என்று எழுந்துவிட்டார் ஸ்டூடியோக்காரர்.

"எடுத்துக்க மாப்ள. கல்யாண வீடு இல்ல, அடக்கமா வா."

வீடு சிறியது. கூடத்துச் சுவரோடு தொட்டி. தண்ணீர் தெளிவாக இருந்தது. காற்றுப் பம்பு ஓட, ஸ்பாஞ்ச் வடிகட்டியிலிருந்து குமிழிகள் குளுகுளுவென ஏறிக்கொண்டிருந்தன. தனியாக ஒரு கௌராமி. தச்சர் வணக்கம் சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். மரத்தூள் படிந்த சட்டை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

மகளின் நோட்டை சர்வேயர் நின்றபடியே படித்தார். உருண்டையான எழுத்து. ஒரு பக்கத்தை மைத்துனரிடம் காட்டினார். 'கௌராமி மேலே வந்து வாயால் காற்று எடுக்கும். நான் இருமும்போது மாதிரி.'

ஸ்டூடியோக்காரர் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவில்லை.

பிறகு சர்வேயர் முட்டி போட்டு, தாங்கியின் கீழ்த்தட்டைப் பார்த்தார். பம்பு அங்கேதான் இருந்தது, பழைய செய்தித்தாளின்மேல். தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக ஈரம் காய்ந்த வளையங்கள்.

"இந்தப் பேப்பர் எப்ப போட்டது?"

"ஞாயித்துக்கிழமை. வாராவாரம் மாத்துவேன்."

அன்று வெள்ளிக்கிழமை. சர்வேயர் விரலால் வளையங்களை எண்ணினார். ஐந்து. சமையலறை வாசலில் நின்று அடுப்பு மேடையிலிருந்த மின்கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அது சரியான மணி காட்டியது.

"கரண்ட் போயிட்டு வந்தா இது என்ன பண்ணும்?"

"பன்னிரண்டுன்னு சிமிட்டிக்கிட்டே இருக்கும். நான்தான் திருப்பணும். திருப்பி ஒரு மாசமாச்சு."

அடுத்து மகளின் அறை. மடித்த போர்வை, சுத்தமான கட்டில். ஜன்னல் விளிம்பில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே ஒரு குழாய் அடிவரை இறங்கியிருந்தது.

"ஆக்சிஜன் மெஷினோடது சார். காத்து இந்தத் தண்ணி வழியா வந்துதான் அவ மூக்குக்குப் போகும். ராத்திரி மட்டும் வைக்கச் சொன்னார் டாக்டர். மெஷினைத் திருப்பிக் குடுத்தப்ப இது தங்கிடுச்சு."

"சத்தம் எப்படி இருக்கும்?"

"எனக்கெங்க தெரியும்? ராத்திரியில நான் ரொட்டி சுட்டுக்கிட்டிருப்பேன். அவர்தான் கூட உக்காந்திருப்பார்."

சர்வேயர் கூடத்துப் பக்கம் திரும்பி நின்றார். ஸ்டூடியோக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பாட்டிலைத் திறந்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் கூஜாவிலிருந்து பாதி ஊற்றி மூடி, குழாயின் மேல்முனையில் வாயை வைத்தார்.

"மாப்ள, வேண்டாம்," என்றார் சர்வேயர். அதற்குள் ஊதிவிட்டார்.

குளுகுளு.

சமையலறையில் தம்ளர் விழுந்தது. தச்சர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலருகே போய்க் குனிந்தார். மடித்த போர்வைமேல் ஒரு கையை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டூடியோக்காரர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

"உக்காரும்மா," என்றார் சர்வேயர். குரலை உயர்த்தவில்லை. "விஷமா இருந்தா கௌராமியும் போயிருக்கும். அது மட்டும் தப்பிச்சிருக்கு, ஏன்னா அது மேல வந்து மூச்சு விடற ஜாதி. மத்ததெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டுச் செத்திருக்கு. மூச்சு முட்டி. ராத்திரி பம்பு நின்னிருக்கு. போதாக்குறைக்கு நேத்துதான் ஆறு மீன் கூடுச்சு."

"காலைல ஓடிக்கிட்டிருந்துச்சே?"

"யாரோ நிறுத்தி, மறுபடி போட்டிருக்காங்க. கரண்ட் போகல, கடிகாரம் சொல்லுது. பம்பு கீழ இருக்கறதால, நின்னா தொட்டித் தண்ணி குழாய் வழியா இறங்கிப் பேப்பர்ல சொட்டும். அஞ்சு வளையம்மா. ஞாயிறுலேர்ந்து அஞ்சு ராத்திரி. உன் நாத்தனார் தங்கினது ஒரு ராத்திரி."

அந்த வீட்டில் தினமும் இரவில் இருப்பவர் ஒருவர்தான்.

தச்சர் கையை எடுக்காமலே பேசினார். "மெஷினைக் குடுத்தாச்சு. சத்தம் மட்டும் வீட்டுலயே இருக்கு. அரைத்தூக்கத்துல கேட்டா எழுந்து வந்துடறேன், பாட்டில்ல தண்ணி குறைஞ்சிருக்கான்னு பார்க்க. வந்து பார்த்தா கட்டில் காலி. ஒரு ராத்திரிக்கு மூணு தடவை, நாலு தடவை. ஒரு மணி நேரம் நிறுத்துவேன். அப்புறம் மீனை நினைச்சுப் போட்டுடுவேன். நேத்து தூங்கிட்டேன். பொண்ணு போனதுக்கப்புறம் நேத்துதான் தூங்கினேன். முழிச்சா மணி அஞ்சு. என் தங்கச்சி போயிருந்தா. மீனெல்லாம்..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்தத் தொட்டி முன்னால உக்காந்தாதான் நாலு வாய் சாப்பிடற."

"உங்க தங்கச்சியை நான் அவ்வளவு பேச்சுப் பேசினப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்," என்றார் தச்சர்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். சுவிட்சின் சத்தம் கேட்டது. குமிழிச் சத்தம் அடங்கியது. திரும்பி வந்து கணவருக்கு எதிரே, கட்டிலின் மறுபக்கத் தரையில் உட்கார்ந்தாள்.

சர்வேயர் மைத்துனரின் முழங்கையைத் தொட்டார். இருவரும் கூடத்தைத் தாண்டி, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாததால் உள்ளே அவள் மெல்லக் கேட்டதும் வாசல்வரை வந்தது.

"ராத்திரியில என்னைத் தேடுவாளா?"

"தேடுவா."

"எப்ப?"

"மூணு மணிக்கு மேல. 'அம்மா எங்க'ம்பா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

ஸ்டூடியோக்காரர் செருப்பின் வாரைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார்.

"ரொட்டி வாசனை வருது பாரு, அம்மா தெருமுனைக்கு வந்துட்டான்னு சொல்வேன். மூக்குக் குழாயை ஒதுக்கிட்டு மோந்து பார்ப்பா. 'ஆமாப்பா, வருது'ம்பா. அப்புறம் தூங்கிடுவா."