பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

"ஐயோ... செத்துப் போச்சே!"

பதுளை பஸார் வீதியே நிமிர்ந்து பார்க்கும்படி அலறினாள் ஜீவராணி.

கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்த கிஷாந்தன், கடித்த வடையோடு மாடிப்படி ஏறி ஓடிவந்தான். 'கிஷா டிஜிட்டல் வீடியோ'வின் முதலாளி அவன். ஒரே எடிட்டர் ஜீவராணி.

"யாரு? யாரு செத்தா?"

"கம்ப்யூட்டர்ண்ணே!"

"அடச்சீ! மனுசன்னு நெனைச்சுப் பயந்துட்டேன்."

"மனுசன் செத்திருந்தாக்கூடப் பரவால்ல! இது செத்தா நான்ல ஜெயிலுக்குப் போகணும்!"

உண்மைதான். ஒரு சொட்டு மிகை இல்லை!

போன வாரம் பண்டாரவளையில் ஒரு கல்யாணம். மணப்பெண் கழுத்திலிருந்த எட்டுப் பவுன் அட்டிகை மாயம்! கேமராவுக்காகப் பெண்ணின் சேலை மடிப்பைச் சரிசெய்ய மேடை ஏறியவள் ஜீவராணி. அது போதாதா?

"மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெட்டை. வேற ஆர் எடுத்திருப்பினம்?" என்று விரல் நீட்டினார் பெண்ணின் பெரியப்பா பரமலிங்கம். அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விரல் நீட்டினால் பொலிஸும் அந்தப் பக்கம் பார்க்கும்.

'இன்னைக்குப் பின்னேரத்துக்குள்ள வீடியோவக் காட்டு. இல்லாட்டி ரிமாண்ட்' என்று சொல்லிவிட்டார் சார்ஜன்ட்.

டேப்? அதன்மேல் அடுத்த கல்யாணத்தைப் பிடித்தாயிற்று! ஒரே டேப்பில் ஊர்க் கல்யாணம் அத்தனையும் பிடிக்கும் மகாகஞ்சன் கிஷாந்தன். ஆக, படம் இருப்பது இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்.

கம்ப்யூட்டரோ, 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று கறுப்புத் திரையில் கையை விரித்தது.

"அம்மா காலையில தோட்டத்துல பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப நாலு பேரு கேப்பாங்கண்ணே... ஒன் மக கள்ளியான்னு!" ஜீவராணிக்கு அழுகை முட்டியது.

"அழாத! ஹம்ஸியாவுக்குப் போன் போட்டுட்டேன்!"

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஹம்ஸியா வந்தாள். கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினாள். மூடியைக் கழற்றினாள்.

மூக்கைச் சுளித்தாள்.

"என்ன இது... சந்தனம் மணக்குது?"

கிஷாந்தன் நெளிந்தான்.

"நேத்து ஆயுத பூசைல்ல... எல்லாத்தையும் கழட்டித் தொடைச்சுப் பொட்டு வச்சேன். சோறு போடுற சாமானாச்சே!"

"ஹார்ட் டிஸ்க்குக்குமா?"

"மவுஸுக்கே வச்சேன்!"

அப்போது படியில் செருப்புச் சத்தம். தோளில் சால்வையோடு உள்ளே வந்து நின்றார் பரமலிங்கம்!

"என்ன... வீடியோ இல்லையாம்? எனக்கு அப்பவே தெரியும். பொய்க்காரர்!"

"கொஞ்சம் இருங்க சேர்" என்ற ஹம்ஸியா, டோர்ச்சை மதர்போர்ட் மேல் அடித்தாள். அதிர்ந்தாள்!

"பட்டரி எங்க?"

"என்ன பட்டரி?" என்றான் கிஷாந்தன்.

"இந்தக் குழியில இருக்கும். வட்டமா, வெள்ளையா, காசு மாதிரி..."

கிஷாந்தனின் முகம் வெளிறியது.

"அது... காசு இல்லையா?"

"என்ன செஞ்சீங்க?"

"தொடைச்சு முடிச்சுப் பாத்தா மேசையில கெடந்துச்சு. எல்ல டவுன்ல இருந்து படம் கழுவ வர்ற வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன காசுன்னு நெனைச்சு... பூசைக்கு வந்த ஐயரோட தட்சணைத் தட்டுல போட்டுட்டேன்!"

ஜீவராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பழைய போர்டுக்கு அந்தப் பட்டரிதான் ஞாபகசக்தி" என்றாள் ஹம்ஸியா. "அது போனா செட்டிங் எல்லாம் மறந்துரும். ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாச் சேத்துக் காட்டுற ரெய்டையும் ஓஃப் பண்ணிட்டுது. வேற ஒண்ணுமில்ல!"

தன் பையிலிருந்து ஒரு பட்டரியைப் போட்டாள். செட்டிங் இருக்கும் பயோஸுக்குள் புகுந்தாள். ரெய்டை ஓன் செய்தாள்.

திரை மின்னியது...

ஒரு டிஸ்க் தெரிந்தது.

ஒன்றுதான்!

"மத்தது எங்கக்கா?" என்று பதறினாள் ஜீவராணி.

"அதுதான் யோசிக்கிறேன். படம் துண்டு துண்டா ரெண்டுலயும் இருக்கு. ஒண்ணு இல்லாட்டி மத்தது குப்பைதான்."

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. 'பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? ஆம் என்றால் ஒய்.'

"பிறகென்ன, புதுசாத் தொடங்குமன்!"

பரமலிங்கத்தின் விரல் 'ஒய்'யை நோக்கிப் பாய்ந்தது!

பளார்!

அவர் புறங்கையில் விழுந்தது ஜீவராணியின் அடி.

"அழிஞ்சா ரிமாண்டுக்குப் போறது நானுங்க ஐயா. ஒங்களுக்கு ஏன் இத்தனை அவசரம்?"

பதுளைக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஜீவராணி அதைக் கவனித்துவிட்டாள்.

ஹம்ஸியா இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினாள். சொருகும் வாய் முழுக்கக் குங்குமம்!

"அடப் பாவி மனுசா! பொட்ட வாயிலயா வைப்பீங்க?"

"அதுதான் நெத்தின்னு நெனைச்சேன்!" என்றான் கிஷாந்தன்.

பழைய பல்துலக்கும் பிரஷ். நாலு தேய்ப்பு. ஒரு ஊதல்.

மறுபடி ஓன்...

ஒன்று... இரண்டு! இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன!

ஜீவராணி துள்ளிக் குதித்ததில் முக்காலி உருண்டது. படத்தை ஓடவிட்டாள்.

அவள் சேலையைச் சரிசெய்கிறாள். இறங்குகிறாள். அட்டிகை கழுத்தில் ஜம்மென்று இருக்கிறது!

அடுத்து, மணப்பெண் பெரியப்பா காலில் விழுகிறாள். பெரியப்பா பிடரியில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார். ஆசீர்வதிக்கிறார்... ஆசீர்வதித்துக்கொண்டே இருக்கிறார்! கை எழும்பி சால்வைக்குள் போகிறது. ஏதோ மின்னுகிறது.

பெண் நிமிர்கிறாள். கழுத்தில் அட்டிகை இல்லை!

"கள்ளன்!" என்று கத்தினான் கிஷாந்தன்.

உருண்ட முக்காலியை நிமிர்த்தி அதில் தொப்பென்று உட்கார்ந்தார் பரமலிங்கம்.

"கள்ளன் இல்லைத் தம்பி... அந்த அட்டிகை போட்டதே நான்தான்."

"ஒங்க அட்டிகைய நீங்களே எதுக்குத் திருடினீங்க?"

"எட்டுப் பவுன் எண்டு சபையில சொல்லிப்போட்டன். மாப்பிள்ளை வீட்டார் பத்தரிட்டை உரசிப் பாக்கப் போயினமாம்..." சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அது கவரிங்!"



"ஒங்க மானத்தக் காப்பாத்த என் மானத்த வித்தீங்களாக்கும்!" ஜீவராணியின் கண் சிவந்தது. "லயத்துப் புள்ளைன்னா கேக்க ஆளில்லன்னு நெனைச்சீங்க!"

வாசலில் பொலிஸ் ஜீப் ஹோர்ன் அடித்தது. சார்ஜன்ட் படியேறி வந்தார்.

"வீடியோ ரெடியா?"

"வீடியோவும் ரெடி, ஆளும் ரெடி சேர்!" என்றாள் ஜீவராணி.

பரமலிங்கத்தோடு ஜீப் கிளம்பியது. கூடவே போன் அலறியது.

ஸ்பீக்கரில் ஐயர்!

"தம்பி கிஷாந்தன்! நேற்றுத் தட்டில போட்ட வெளிநாட்டுக் காசை மாத்த எல்ல டவுனுக்குப் போனேன். கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறானப்பா! இது போலியாமே?"

கிஷாந்தன் விழித்தான். ஜீவராணி போன் பக்கம் குனிந்தாள்.

"யாருங்க சாமி சொன்னா? பத்திரமா வச்சிருங்க... பெரியப்பா போட்ட அட்டிகைக்கு அது சொக்கத் தங்கம்!"