குழாய்வாயில் கூடும் அயிரைகள்

மேலாற்றூரில் எல்லோரும் பல் விளக்குவதற்கு முன் கைபேசியில் மீன் கணக்கைத்தான் பார்ப்பார்கள். ஓடையில் கல்லயிரை மீன் கூடினால் ஊருக்குத் தண்ணீர் கூடும், சமவெளி முகாமில் காத்திருப்பவர்களுக்கு மலையில் வீடு கிடைக்கும். குறைந்தால் ஊரிலிருந்து சில குடும்பங்கள் முகாமுக்கு இறங்க வேண்டும். கரையோர ஊர்களைக் கடல் விழுங்கிய பிறகு, ஓடை எத்தனை பேரைத் தாங்கும் என்று மீனை வைத்து அளக்கப் போட்ட சட்டம் இது. விரல் நீளம்கூட இல்லாத மீன், ஊரையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது.

ஓடைக் காவலர் பெனிட்டாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. கணக்கு எகிறியிருந்தது. வருஷக்கணக்காய் முகாமில் கிடந்த அவளுடைய அக்கா ஜெசிந்தா, பிள்ளைகளோடு பஸ் ஏறிவிட்டாள். மதியத்துக்குள் வந்துவிடுவாள்.

ஆனால் ஒன்று மட்டும் மனதை அரித்தது. மழை பொய்த்து ஓடை சுருங்கிக் கிடக்கிறது, மீன் மட்டும் எப்படிப் பெருகும்? அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று கீழோடையில் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டினாள். பாசி காய்ந்திருந்தது. பேருக்கு ஓர் அயிரைகூட இல்லை.

மேலே, ஊருக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில், கம்பிவலைமேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு அயிரைகள் மொய்த்தன. எதிரே எண்ணுகண், அதாவது மீன் எண்ணும் கேமரா, ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

“அண்ணே, வால்வைக் கொஞ்சம் அடைங்க. ஒண்ணு பாக்கணும்,” என்றாள், கூட வேலை பார்க்கும் வேதமாணிக்கத்திடம்.

அவர் அடைத்தார். குழாயின் இழுப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அயிரைகள் கம்பியை விட்டு, மிச்சமிருந்த ஓட்டத்தைத் தேடி ஒவ்வொன்றாகக் கீழே நழுவின. கணக்கு மளமளவென்று சரிந்தது.

“இதுக்கு வேகமான தண்ணி வேணும்ணே. ஓடையில வேகம் செத்துப்போச்சு, நம்ம குழாய்தான் இழுக்குது. அதான் ஓடை மீனெல்லாம் இங்க வந்து கிடக்கு. மீன் கூடிட்டுன்னு நாம இன்னும் இழுக்கோம். இழுக்க இழுக்க இன்னும் வருது.”

“நாளைக்குச் சொல்லிக்கிடலாம்மா,” என்றார் வேதமாணிக்கம். “இப்ப திறந்துவிட்டா எல்லாம் திரும்ப வந்துரும். ஒங்க அக்காவும் வந்துருவா.”

‘திறங்க’ என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஓடை அடியோடு வற்றினால் இத்தனையும் இந்தக் கம்பியிலேயே காய்ந்து சாகும். அப்புறம் ஊர் மொத்தமும் இறங்க வேண்டியதுதான்.

“வேண்டாம்ணே. அடைச்சபடியே இருக்கட்டும்.”

கைபேசி அடித்தது. அக்கா.

“ஏட்டி பெனி, சோதனைச்சாவடியில பஸ்ஸைத் திருப்பச் சொல்லுதாங்க. மீன் குறைஞ்சிட்டாம். காலையில நல்லாத்தான இருந்துச்சு?”

“அந்தக் கணக்கு தப்புக்கா. நாந்தான் வால்வை அடைக்கச் சொன்னேன்.”

அக்காவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, சித்தி வீடு எப்போ வரும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

“நாங்க வாரது தெரிஞ்சேவாட்டி செஞ்ச?”

“தெரிஞ்சுதான்க்கா.” இனி ஊரிலிருந்தும் சிலர் இறங்கியாக வேண்டும். “பஸ்ஸைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு. எனக்கும் ஒரு எடம் போட்டு வை.”