இரண்டு போர்டு, ஒரே நம்பர்

வெண்மதி அக்கா கல்லூரியிலிருந்து இரண்டு பச்சை நிற போர்டுகள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். இருக்கும் இடத்தின் வெப்பத்தை அளந்து, ஒயரே இல்லாமல் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

"ஒயர் இல்லாம எப்படிக்கா போகும்?" என்று இசைப்பிரியா கிசுகிசுத்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ரேடியோ மாதிரிதான். ஆனா உன்னைவிட அமைதியாப் பேசும்."

இரண்டும் வேலை செய்வதைப் படம் எடுத்து மாலைக்குள் அனுப்ப வேண்டும். அப்போதுதான் கல்லூரி மேடம் அக்காவை ஆராய்ச்சிக் குழுவில் சேர்ப்பார்.

அக்கா ஒவ்வொரு போர்டையும் கேபிளில் சொருகிப் புரோகிராம் ஏற்றினாள். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. இசைப்பிரியா வாயில் போட்ட முறுக்கை மெல்லவும் மறந்து பார்த்தாள்.

பிறகு பேட்டரி போட்டு, ஒரு போர்டை வெயிலில் வாசற்படியில் வைத்தார்கள். இன்னொன்றைச் சமையலறையில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் வைத்தார்கள்.

திரையில் 'போர்டு 1' மட்டுமே தெரிந்தது. அதன் வெப்பம் 41, 29, 41, 29 என்று குதித்தது.

"ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றாள் அக்கா.

மறுபடியும் புரோகிராம் ஏற்றினாள். மறுபடியும் அதே குதிப்பு. அக்காவின் முகம் வாடிவிட்டது.

"என்னால முடியலைன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன்."

இசைப்பிரியாவுக்குப் பாவமாக இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பினாள்.

"இப்ப பாருக்கா."

திரையில் 29 மட்டும் வந்தது. குதிக்கவில்லை.

"என்னடி பண்ணினே?"

"வாசல்ல இருக்கிற போர்டோட பேட்டரியைக் கழட்டினேன். 41 அது சொன்னது. 29 பானைப் பக்கத்துல இருக்கிறது சொல்றது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் ஒண்ணைத்தான் காட்டுது?"

"அடுத்த பிளாக் சக்கரபாணி மாமா பார்சல் நம்ம வீட்டுக்கு வருமே, அது மாதிரி இருக்குமோ? அவர் பிளாக்லயும் நம்ம குவார்ட்டர்ஸ் நம்பர்தான். பிளாக் நம்பர் எழுதலைன்னா, கொரியர் அண்ணனுக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான்."

அக்கா புரோகிராமை மேலே தள்ளிப் பார்த்தாள். போர்டின் எண் 1 என்று இருந்தது. அதே புரோகிராமைத்தான் இரண்டிலும் ஏற்றியிருந்தாள்.

"அடிப்பாவி," என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நம்பரை மாத்தவே இல்லை. வா, நீயே மாத்து."

இசைப்பிரியா ஒரு விரலால் 1-ஐ அழித்து 2 என்று அடித்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இதுக்குத்தான் காலையிலருந்து தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன்."

அதை வாசல் போர்டில் ஏற்றி, பேட்டரி போட்டு மறுபடி வெயிலில் வைத்தார்கள். இப்போது திரையில் இரண்டு போர்டும் வரிசையாக வந்தன. அக்கா படம் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மேடமிடமிருந்து பதில் வந்தது. 'நல்லது. திங்கட்கிழமை லேபுக்கு வாங்க.'

அக்கா தங்கையின் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

இசைப்பிரியா சமையலறைக்கு ஓடி, அங்கிருந்த போர்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, என்ன காட்டுது?"

"முப்பது... முப்பத்தொண்ணு... ஏறுதுடி."

தன் கைச்சூடு சுவரைத் தாண்டி அக்காவிடம் போய்க்கொண்டிருந்தது. இசைப்பிரியாவுக்குக் கையை எடுக்க மனமே வரவில்லை.