மட்டத்துக்கு அடங்காத மூலை

அந்த வீட்டில் கடைசியாகச் சாதாரணமாக நடந்த காரியம், ஒரு சனிக்கிழமை காலையில் ஜோசஃபின் ஆட்டுக் குடல் கழுவியதுதான்.

காக்ஸ் டவுனில் அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். 1936-ஆம் வருஷம், நவம்பர் குளிர். அப்பா பெர்னார்ட் ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. அம்மா காலமாகி வெகுநாளாகிவிட்டது. ஜோசஃபின் கன்டோன்மென்ட் துரைசானிகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தாள். தம்பி தியோடர் கல்லூரியில் கணித ஆனர்ஸ் படித்தான்.

கிணற்றடியில் குந்தியபடி, குடலை மூங்கில் குச்சியில் மாட்டி உள்புறம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிண்ணத்தில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றினால்தான் அந்த வழவழப்பு போகும், குடல் சுருங்கி இறுகும். குடலோடு ஒட்டியிருந்த சவ்வைக் கிழித்துக் காக்கைக்கு எறியப் போனாள்.

"அக்கா, அதை எறியாதே!"

தியோடர் வாயில் பல்பொடி நுரையோடு நின்றிருந்தான்.

"ஏன்டா, ராத்திரி சோறு பத்தலையா? காக்காய்க்கிப் போடறதுல பங்கு கேக்கறே?"

அவன் அதை வாங்கிக் கல்லின் மேல் விரித்தான். கையால் எவ்வளவு தடவினாலும் அது தட்டையாகப் படுக்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் அலையாக எழுந்தது.

"கவுனுக்கு ஃப்ரில் எப்பிடி வைக்கறே?"

"ஓரத்துல துணி அதிகமா விடணும். அப்பத்தானே மடிஞ்சு மடிஞ்சு நிக்கும்."

"இதுவும் அதான். வெளியே போகப் போக இடம் அதிகம்." அவன் கண்கள் பளபளத்தன. "ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியா, கோட்டைத் தொடாம எத்தனை கோடு போடலாம்?"

"ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல நானும் படிச்சேன்."

"ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் அப்பிடித்தான் நெனைச்சாங்க. எத்தனை வேணும்னாலும் போடலாம்னு வச்சுக்கிட்டாலும் கணக்கு தப்பாம வருது. அங்கே முக்கோணத்துல மூணு கோணத்தையும் கூட்டினா ரெண்டு செங்கோணம் வராது. கொறையும். ஆனா அதைக் கண்ணால பாக்க முடியாது, சமன்பாட்டுல மட்டும்தான் இருக்குங்கறார் கஸ்தூரிரங்கன் சார்."

"அவர் ஐயங்கார். குடல் கழுவறதை எங்கே பாத்திருக்கப் போறார்?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சரி.

சவ்வைச் சுண்ணாம்பில் போட்டுத் தருகிறேன் என்றாள் அவள். அவன் விடவில்லை. "சுருங்கிடும். அப்புறம் கணக்கு போச்சு."

"சுண்ணாம்பு படாத குடல் நாறும்டா."

"ரெண்டே நாள்ல காஞ்சிடும்."

அவளுடைய குண்டூசிகளை வாங்கிப்போய், தன் அறையில் இரண்டு சுவர் சேரும் மூலையில் அந்தச் சவ்வைக் குத்தி வைத்தான். அதன்மேல் காப்பியிங் பென்சிலால் முக்கோணங்கள் வரைந்தான். ஈரத்தில் பென்சில் ஊதாவாகக் கசிந்து, நரம்புபோல ஓடியது.

அது காயவில்லை.

முதல் வாரம் வெறும் கவிச்சு நாற்றம். அடுத்த வாரம் அதில் ஒரு இனிப்பு சேர்ந்தது. பால் கக்கிய குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்த மாதிரி. அறையைப் பெருக்கப் போகும்போதெல்லாம் ஜோசஃபின் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷ மூக்குப்பொடி அவர் மூக்கைத் தீர்த்துவிட்டிருந்தது.

"எலி செத்திருக்கும், பாரு" என்பார், குழம்பைப் பிசைந்தபடி.

ஒருநாள் காலை, தியோடர் கல்லூரிக்குப் போனபிறகு, பொறுக்க முடியாமல் அவள் சவ்வைப் பிடித்து இழுத்தாள். சளி மாதிரி நூல் விட்டுக்கொண்டு கையோடு வந்தது.

அதன் கீழே சுவரைக் காணவில்லை.

பூச்சு இருந்த இடம் வெளுத்து, மெத்தென்று, துருக்கித் துண்டின் நூல்போலச் சின்னச் சின்ன முளைகளோடு இருந்தது. முளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரண்டு சுவர் சேரும் கோட்டில் ஒரு மடிப்பு. அதில் விரல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சுண்ணாம்பு போட்டுக் கழுவியும் அன்று முழுக்கக் கை நாறியது. அந்தக் கையால் சோறு தின்ன முடியாமல் கரண்டியால் தின்றாள்.

மாலையில் தியோடர் கோபித்துக்கொள்ளவில்லை. தச்சனிடம் இரவல் வாங்கிய, 'ட' வடிவ மூலைமட்டம் ஒன்றைக் கொண்டுவந்து அந்த மூலையில் வைத்துக் காட்டினான். செங்கோணமான மூலையில் மட்டம் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மற்ற மூன்று மூலைகளிலும் அப்படித்தான் உட்கார்ந்தது. இங்கே மட்டும் உள்ளே போகாமல் தட்டி நின்றது. மட்டத்தின் முனைக்கும் மடிப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"பாத்தியா? கோணம் கம்மி. இடம் எவ்வளவு பெரிசோ, கொறையும் அவ்வளவு பெரிசு. இடம் மூடிக்கிச்சுன்னா கொறையே இருக்காது, மட்டம் ஒழுங்கா உக்காந்துடும். வெறும் மூலையில எப்படி அக்கா இந்தக் கொறை வந்திருக்கும்? உள்ளே இடம் இருக்கு."

"எந்த உள்ளே? அந்தப் பக்கம் நம்ம கொல்லைடா. வாழைமரம் நிக்குது."

"அந்த உள்ளே இல்லை."

அவன் பேசும்போது வாயிலிருந்தும் அந்த நாற்றம் வந்தது.

ஈக்கள் வந்தன. மடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, கால் தேய்த்து, உள்ளே நடந்து போயின. அவள் தைத்துக்கொண்டே வாசலிலிருந்து பார்த்தாள். போன ஈ ஒன்றும் திரும்பவில்லை.

பிறகு அவன் இரண்டு நூல்கண்டு கேட்டான். இரண்டு நூலின் நுனியையும் ஒரு விரல் தள்ளித் தள்ளி, அவளுடைய அதே மூங்கில் குச்சியில் கட்டி மடிப்புக்குள் செலுத்தினான். குச்சி முழுதும் போயிற்று. அவன் கை முழங்கைவரை போயிற்று. சுவர் மெல்ல இறுகித் தளர்ந்தது.

மறுபடி இறுகியது. மறுபடி தளர்ந்தது.

சுவர் விழுங்கிக்கொண்டிருந்தது.

நூல்கண்டுகள் தரையில் தானாக உருண்டன. "பிடிச்சுப் பாரு" என்றான். வேண்டாம் என்று தலையாட்டியும், இரண்டு நூலையும் அவள் விரல்களில் வைத்தான். சேர்ந்து போன நூல்களில் ஒன்று வலப்புறமாக இழுத்தது. மற்றது இடப்புறமாக.

"சேர்ந்துதான் போச்சு. உள்ளே போகப் போக விலகிக்கிட்டே போகுது" என்று கிசுகிசுத்தான். "நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரணும்."

"அம்மாவோட ஜெபமாலை மேல சத்தியம் பண்ணு, போக மாட்டேன்னு."

"திங்கக்கிழமை சாரைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் போக மாட்டேன்."

"சத்தியம் பண்ணுடா தியோ."

அவன் ஜெபமாலையைத் தொட்டான். அவன் விரல் பட்ட இடத்தில் மணிகள் வழவழத்தன.

அந்த வாரம் சனிக்கிழமை, ஒரு துரைசானிக்குக் கிறிஸ்துமஸ் கவுன் கொடுக்க ஜோசஃபின் போக வேண்டியிருந்தது. புறப்படும்போது தியோடர் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். "கதவைத் தாப்பாப் போட்டுக்கறேன், போயிட்டு வா" என்றான். அவள் போனாள்.

திரும்பும்போது மத்தியானம் கழிந்திருந்தது. வாசலிலேயே அந்த வாசனை வந்தது. நாற்றமில்லை. எல்லா வேதக்காரர் வீட்டிலும் டிசம்பரில் வருகிற சுத்தமான வாசனை. நீலம் கலந்த சுண்ணாம்பு.

கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடிக்க அப்பா ஆள் கூட்டி வந்திருந்தார். ஒக்கலிபுரத்து நாணு. தொட்டியில் அப்போதுதான் நீற்றிய சுண்ணாம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"தியோ எங்கேப்பா?"

"வெளியே போயிருக்கான்போல. ரூம் கதவு உள்தாப்பா போட்டிருந்தது. ஜன்னல் வழியா நாணு கையை விட்டுத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை."

உள்தாழ்ப்பாள் போட்ட அறையிலிருந்து ஒருவன் எப்படி வெளியே போவான் என்று அப்பா யோசிக்கவில்லை.

நாணு ஏணியிலிருந்து இறங்கி, வெள்ளையடிக்கும் மட்டையைத் தொட்டியில் அலசினான். "அந்த மூலைதான் பேஜார் பண்ணிடுச்சும்மா. ஸ்வல்ப ஈரம். அடிச்சா புடிக்கவே இல்லை. சூடா இருக்கிற சுண்ணாம்பை அப்பிடியே தூக்கி மூணு வாட்டி ஊத்துனேன். அப்புறம் பாரும்மா, ஜம்முனு இறுகிடுச்சு."

கட்டில் காலில் இரண்டு நூலும் கட்டியிருந்தன. அங்கிருந்து மூலைவரை போயிருந்தன. மூலையில் வெள்ளைச் சுவருக்குள் நேராகப் புதைந்திருந்தன.

கட்டிலடியில் அவன் செருப்பு, பக்கத்தில் மடித்து வைத்த சட்டை.

அவள் ஒரு நூலை இழுத்தாள். எளிதாக வந்தது. நுனி வெந்து சுருண்டிருந்தது.

மற்றதை இழுத்தாள். வரவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது.

எதிரிலிருந்து வரவில்லை. பக்கவாட்டில், சுவரே இல்லாத ஒரு திசையிலிருந்து வந்தது.

"அப்பா! உடைங்க! சுவரை உடைங்க!"

அப்பாவுக்குப் புரியவில்லை. விட்டால் போய்விடும் என்று அவள் நூலை விடவில்லை. நாணுதான் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து கடப்பாரையால் குத்தினான். பூச்சு உதிர்ந்தது, அதற்குக் கீழே செங்கல், செங்கல்லுக்குப் பின்னால் பகல் வெளிச்சம், வாழைமரம். துளை வழியாகக் காற்று வந்தது. சுத்தமான காற்று.

நூல் அவள் கையில் தளர்ந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கண்டில் இருந்ததைவிட அதிகமாக வந்தது. கடைசியில் சுண்ணாம்பு பூத்த ஒரு குடல் துண்டுபோல, வெளுத்துச் சுருண்டு, உள்புறம் வெளியே புரட்டிய ஏதோ ஒன்று நூலில் கட்டப்பட்டு வந்தது. கட்டியிருந்த முடிச்சு அவளுக்குத் தெரிந்த முடிச்சு. சின்ன வயதில் பட்டத்துக்கு அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது.

அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. வாழைமரத்தடியில் குழி தோண்டி, தனக்குத் தெரிந்த ஜெபம் சொல்லி மூடினாள்.

பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். இல்லை, பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்றார்கள். கஸ்தூரிரங்கன் சார் ஒருமுறை வந்து, வாசலிலேயே நின்று, "ரொம்பக் கெட்டிக்காரப் பையன்மா" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்பா சாகும்வரை தபால்காரனை எதிர்பார்த்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு குடல் சமைத்ததில்லை.

ஜோசஃபின் வீட்டை விடவில்லை. துளையை அடைத்து, வருஷா வருஷம் வெள்ளையடித்தாள். மூலை மற்ற மூலைகளைப்போலவே காய்ந்தது. நாற்றம் இல்லை. ஈ இல்லை. தொட்டால் குளிர்ந்த சுவர்தான்.

யுத்தம் முடிந்த வருஷம், துணி வைக்க அந்த அறைக்கு ஒரு அலமாரி செய்யச் சொன்னாள். தச்சன் வெங்கடராமன் அளவெடுக்க வந்தான். மூன்று மூலைகளில் மட்டம் வைத்தான். நான்காவது மூலைக்குப் போய்க் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"சுவர் நேராத்தான் இருக்கும்மா. ஆனா மட்டம் உக்கார மாட்டேங்குது. கோணம் கம்மி."

"எவ்வளவு கம்மி?"

அவன் மட்டத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினான்.

ஒரு விரல்.