பொட்டில்லாத கம்பி

காலை 9.40. கனடாவில், சென்-லோறன் நதியின் பழைய இரும்பு ரயில் பாலத்துக்கு வர்ணம் பூச வந்த றெக்ஸ், கீழே தூணின் கல்மேடையில் கூட்டாளி யோகேந்திரன் கிடப்பதைக் கண்டான். உயிர் இல்லை. இடுப்புப் பட்டியின் கொக்கி வெறுமையாகத் தொங்கியது.

பொலிஸ் வருவதற்குள் மேற்பார்வையாளர் வசீகரன் தீர்ப்பே சொல்லிவிட்டார்: பாலத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாதுகாப்புக் கம்பியில் கொக்கியை மாட்டவில்லை, செத்தவன் பிழை. மதியத்துக்குள் முருகன் கோயில் ஆட்களுக்கும் தொலைபேசியில் பரப்பியாயிற்று. செத்தவன் எதிர்த்துக் கதைக்க மாட்டான் என்ற துணிவு.

12.15. வேலைப் பாதுகாப்பு ஆய்வாளர் சாருஜாவிடம் யோகேந்திரனின் மனைவி புஷ்பவதி கொதித்தாள். "வீட்டில பல்ப் மாத்தேக்கையே என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லுற மனுசன். அவரையோ கவனமில்லாதவர் எண்டு சொல்லுறாங்கள்?"

1.30. பாலத்தின் அடித்தட்டு. மழை படாத இடம். ஏணி, வர்ண இயந்திரம், கம்பியைத் தாங்கும் இரும்புக்கால் எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனம், குங்குமம். சாருஜா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வசீகரனும் றெக்ஸும் பின்னால் வந்தார்கள்.

"பொட்டு ஆர் வச்சது?"

"நான்தான். போன கிழமை ஆயுத பூசை. ஒரு சாமானும் விடேல்லை," என்றார் வசீகரன், பெருமையாக.

"இந்தக் கம்பி எப்ப கட்டினது?"

"மே மாசம்."

"காலமை எங்க நிண்டனீங்கள்?"

"கொட்டிலுக்க. றெக்ஸ் கூப்பிட்ட பிறகுதான் வந்தனான்."

"உங்கடை வான் வண்டியைத் திறவுங்கோ."

பாலத்தடியில் நின்ற வண்டியின் பின்கதவை வசீகரன் திறந்தார். உள்ளே, மூடியிருந்த படங்குச் சீலைக்கடியில், துருவேறி நடுவில் அறுந்த கம்பி. அதன் நுனியிலிருந்த இரும்புப் பூட்டில் பொட்டு.

"எல்லாத்திலையும் பொட்டு. மேல கட்டியிருக்கிற கம்பியின்ரை பூட்டில மட்டும் இல்லை," என்றாள் சாருஜா. "அப்ப அது பூசைக்குப் பிறகு வந்தது. அவர் கொக்கியை மாட்டித்தான் நிண்டவர். உக்கின கம்பி அறுந்து, கொக்கி நுனியால வழுகிப் போட்டுது. றெக்ஸ் வர முதல் நீங்கள் புதுசு கட்டினீங்கள். அவசரத்தில பொட்டு மறந்து போச்சு."

"மே மாசம் கட்டேக்கையே அது பழங்கம்பி. மாத்தச் சொல்லி யோகன் அண்ணை மூண்டு தரம் கேட்டவர்," என்றான் றெக்ஸ்.

சாருஜா வசீகரன் பக்கம் திரும்பினாள். "உக்கின கம்பிக்குப் பொட்டு வச்சனீங்கள். மனுசன் செத்த பிறகு புதுக்கம்பி போட்டனீங்கள்."

3.05. அவள் புஷ்பவதியை அழைத்தாள். "அக்கா, அவர் கொக்கி மாட்டினவர்."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை," என்றாள் புஷ்பவதி. "கோயிலுக்கு வந்து எல்லாருக்கும் சொல்லுங்கோ."